போட்டோ போதும், ஒரு பேரையாவது படிங்க

எல்லாருக்கும் வணக்கம். சுருக்கமா முடிச்சிடுறேன், மைக்க பிடிச்சவங்க எல்லாரும் இதத்தான் சொல்றாங்கன்னு நீங்க முணுமுணுக்கிறது கேக்குது, பரவால்ல.

டெல்லிக்கு போற நம்ம ஆளுங்க இந்தியா கேட் முன்னாடி நின்னு ஒரு செல்ஃபி எடுத்துட்டு ஆட்டோ ஏறிடுறாங்க. அந்த கேட் 1931ல வெள்ளைக்காரன் திறந்தது, முதல் உலகப்போர்ல அவனுக்காக செத்த நம்ம சிப்பாய்களுக்கு. சுதந்திரத்துக்கு அப்புறம் காஷ்மீர், சீனா, 65, 71 பாகிஸ்தான் போர், கார்கில்னு நமக்காக உயிர விட்டாங்களே, அவங்க பேரெல்லாம் ஒரே இடத்துல பொறிச்சு தேசிய போர் நினைவுச்சின்னம்னு ஒண்ணு திறக்க 2019 பிப்ரவரி 25 வரைக்கும் ஆயிடுச்சு. எழுபது வருஷத்துக்கு மேல! 1972ல கேட்டுக்கு கீழ ஜோதி ஏத்துனாங்க, சரி, ஆனா பேர் கிடையாதே.

பக்கத்துலயே இருக்கு அந்த தேசிய போர் நினைவுச்சின்னம், 40 ஏக்கர். டிசைன் போட்டியில ஜெயிச்சது நம்ம சென்னை டீம்தான். வட்டத்துக்குள்ள வட்டமா நாலு சக்கரம், சக்கரவியூகத்த மனசுல வச்சு போட்டது. அபிமன்யு உள்ள போயி திரும்பாத வியூகம்தான், யோசிச்சுத்தான் எடுத்திருப்பாங்க போல. நடுவுல தூணும் ஜோதியும், வெளி வட்டத்துல 600க்கு மேல மரங்க, எல்லைய காக்குறவங்க மாதிரி வரிசையா நிக்கும்.

கூட்டம் பூரா, போர்ல காட்டுற வீரத்துக்கான நம்ம நாட்டோட பெரிய விருதான பரம்வீர் சக்ரா வாங்குன 21 பேரோட சிலைகிட்டதான் மொய்க்குது. தப்பில்ல. ஆனா என்னக் கேட்டா அந்த நாலு வட்டத்துல ஒண்ணான தியாக் சக்ரா சுவருக்குத்தான் மொதல்ல போகணும். ஒவ்வொரு கிரானைட் கல்லுலயும் ஒருத்தரோட பேரு, ரேங்க், ரெஜிமென்ட், அவ்ளோதான், மெடல் வாங்குனவரும் வாங்காதவரும் ஒரே சைஸ் கல்லு. திறந்தப்பவே 25,942 பேர். அதோட நிக்கலங்க, 2020 ஜூன்ல லடாக் கல்வான்ல சீன ராணுவத்தோட நடந்த மோதல்ல உயிர விட்ட 20 பேரையும் அப்புறமா சேத்தாங்க, நம்ம ராமநாதபுரம் ஹவில்தார் பழனியும் அதுல ஒருத்தர்.

அதனால போறதுக்கு முன்னாடி உங்க மாவட்டத்துக்காரர் ஒருத்தர் பேரையாவது தெரிஞ்சுக்கிட்டு போங்க, அங்க தேடிப் படிங்க, கூட வர்ற பசங்களையும் சத்தமா படிக்க சொல்லுங்க. டிக்கெட் எல்லாம் கிடையாது, இலவசம்தான். மே மாசம் மத்தியானத்துல மட்டும் போயிடாதீங்க, அந்த கல்லுல கைய வைக்க முடியாது.