கேட்காமல் விட்ட குரல்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, வாழ்த்துரையிலேயே என் பேச்சுக்கு வழி போட்டுக் கொடுத்த பேராசிரியர் அம்மா அவர்களே, வேலையை ஒதுக்கிவிட்டு வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் மருத்துவர் ஐயா அவர்களே, காலையிலிருந்து ஒலிபெருக்கியோடு போராடிய தம்பிகளே, தாத்தா பாட்டியைக் கைப்பிடித்து அழைத்து வந்திருக்கும் குழந்தைச் செல்வங்களே, அனைவருக்கும் வணக்கம். குழந்தைகள் படம் ஒன்றைப் பற்றிப் பேசுங்கள் என்று தலைவர் ஐயா அன்போடு கேட்டார். அவருக்கு என் நன்றி.

2017-இல் பிக்சார் நிறுவனம் வெளியிட்ட ‘கோக்கோ’ படத்தை எடுத்துக்கொண்டேன். இசை, குடும்பம், நினைவு என்று மூன்று செய்திகள் சொல்லப் போகிறேன். நிழலின் அருமை வெயிலில் தெரியும் என்பார்கள். இந்தப் படம் முழுக்க அந்தப் பழமொழிதான் ஓடுகிறது.

கதை மெக்சிகோவில் நடக்கிறது. நவம்பர் 1, 2 தேதிகளில் அங்கே இறந்தோர் நாள். முன்னோரின் படங்களை வைத்துப் படைக்கிறார்கள். அவர்கள் வழி தெரிந்து வரட்டும் என்று செண்டுமல்லி இதழ்களைத் தூவுகிறார்கள். மிகேல், செருப்புத் தைக்கும் குடும்பத்துப் பையன். கிட்டாரோடு போன எள்ளுத் தாத்தா வீடு திரும்பவில்லை என்பதால் அந்த வீட்டில் பாட்டுக்கே தடை. பாட ஆசைப்பட்ட பையன் இறந்தோர் உலகத்துக்குப் போய்விடுகிறான்.

குழந்தைகளுக்கு அந்த உலகத்துக்குப் போகும் பூப்பாலமும், நாக்கைத் தொங்கவிட்டபடி கூடவே ஓடும் நாயும் போதும். பெரியவர்களுக்குத் தொண்டை அடைப்பது வேறு இடத்தில். வீடு திரும்பாத அந்த எள்ளுத் தாத்தாதான் ஹெக்டர். அந்த உலகத்தில் ஹெக்டரின் நண்பர் ஒருவர் ஊஞ்சல் படுக்கையில் கிடக்கிறார். ஒரு பாட்டுப் பாடு என்கிறார். ஹெக்டர் பாடுகிறார். பாட்டு முடிகிறது, கிழவர் கரைந்து போகிறார். உயிரோடு இருப்பவர்களில் அவரை நினைக்க ஒருவரும் மிச்சமில்லை, அவ்வளவுதான் காரணம்.

நிழலின் அருமை வெயிலில் தெரியும் என்றேன் அல்லவா? என் வீட்டுக் கதையைக் கேளுங்கள். என் அப்பாவைப் பெற்ற அப்பாயி காலமாகி மூன்று மாதம் கழித்து என் தங்கை, ‘அண்ணே, அப்பாயி குரல் எங்காவது இருக்கா?’ என்றாள். வீட்டில் ஆறு ஃபோன்கள். எல்லாவற்றையும் தரையில் பரப்பி உட்கார்ந்தோம். அப்பாயி படம் எத்தனையோ இருந்தது; எல்லாம் பேசாத படம். விடிய விடியத் தேடினோம். கடைசியில் என் மகன் சைக்கிள் பழகிய வீடியோ ஒன்று கிடைத்தது. அதில் அப்பாயி முகம் கிடையாது. பின்னாலிருந்து குரல் மட்டும்: ‘பாத்துப் போ சாமி, கல்லு கெடக்கு.’ நான்கே விநாடி. அதைத் திரும்பத் திரும்பப் போட்டோம். பேசாத மனிதரான என் அப்பா, ஃபோனைக் காதோடு ஒட்டிக்கொண்டு, ‘இன்னொரு தடவை போடுப்பா’ என்றார். எண்பது வருடம் பேசிய மனுஷிக்கு எங்களிடம் மிஞ்சியது நான்கு விநாடி.

அந்தப் படத்தில் மிகேலின் கொள்ளுப்பாட்டி கோக்கோ, தன் அப்பா ஹெக்டரின் கடிதங்களையும் கிழிந்த படத்துண்டையும் அலமாரியில் பத்திரமாக வைத்திருக்கிறாள். அதுதான் ஹெக்டரைக் காப்பாற்றுகிறது. மேடையில் ஆர்ப்பாட்டமாகக் கேட்ட அதே பாட்டு, அப்பா மகளுக்குப் பாடிய தாலாட்டு என்று தெரிகிற இடம் இருக்கிறதே, 2018-இல் கிடைத்த இரண்டு ஆஸ்கர்களையும் விட எனக்கு அது பெரிது. இசையைப் பற்றித் தனியாகவே பேச வேண்டும். தலைவர் ஐயா கடிகாரத்தைப் பார்க்கிறார். சரி, இன்னொரு நாள் ஆகட்டும்.

நான் வந்த காரியம் ஒன்றுதான். வீட்டுப் பெரியவர்களின் குரலைப் பதிவு செய்யுங்கள். படம் போதாது. பேச்சு வேண்டும், திட்டும் வேண்டும், தாலாட்டும் வேண்டும். இரண்டு வருடமாக ஏறுகிற மேடையில் எல்லாம் இதைத்தான் கேட்கிறேன். நிழல் இருக்கும்போதே கேளுங்கள் ஐயா.

வாசலில் தம்பிகள் ஒரு தாள் கொடுப்பார்கள். பத்துக் கேள்விகள் இருக்கும். முதல் கேள்வி, ‘உங்களைத் தூங்க வைக்க யார், என்ன பாடினார்கள்?’ இன்றிரவே கேளுங்கள். ஃபோனை அவர்கள் பக்கத்தில் வையுங்கள். மின்விசிறியை மட்டும் நிறுத்திவிடுங்கள், அந்தச் சத்தம் குரலை விழுங்கிவிடும். வணக்கம்.