கேலக்ஸிக்கு வயது பார்த்தவர்

அனைவருக்கும் மாலை வணக்கம்.

கார்த்திகை அன்று இரவு மொட்டை மாடியில் நின்று தெருவைப் பார்த்திருப்பீர்கள். பக்கத்து வீட்டு அகல் பளிச்சென்று தெரியும். தெருக்கோடியில் இருப்பது மங்கலான புள்ளியாகத் தெரியும். எல்லா விளக்கும் ஒரே மாதிரி எரிகிறது என்று வைத்துக்கொண்டால், எது எவ்வளவு மங்கலோ அதை வைத்துத் தூரத்தைக் கணக்குப் போட்டுவிடலாம். வானத்தில் தூரம் அளக்கும் முக்கியமான வழிகளில் ஒன்று இதுதான்.

ஆனால் அந்த “வைத்துக்கொண்டால்” இருக்கிறதே, கணக்கு முழுவதும் அதன் மேல்தான் நிற்கிறது. ஒரு விளக்கை மாலையிலேயே ஏற்றிவிட்டார்கள், எண்ணெய் தீரப் போகிறது. இன்னொன்றை இப்போதுதான் ஏற்றினார்கள் என்றால் என்ன செய்வது? கேலக்ஸிகளை, அதாவது கோடிக்கணக்கான நட்சத்திரங்களின் கூட்டங்களை, பார்த்து இந்தக் கேள்வியை விடாமல் கேட்டவர் பியாட்ரிஸ் டின்ஸ்லி என்ற வானியல் அறிஞர். அவரைப் பற்றிப் பேசத்தான் இன்று வந்திருக்கிறேன்.

1941-இல் இங்கிலாந்தில் செஸ்டர் நகரத்தில் பிறந்தார். போர் முடிந்ததும் குடும்பம் நியூசிலாந்துக்குக் குடியேறியது. நியூ பிளிமத் என்ற ஊரில் பள்ளிப் படிப்பு, கிறைஸ்ட்சர்ச்சில் உள்ள கேன்டர்பரி பல்கலைக்கழகத்தில் இயற்பியல். வயலினும் நன்றாக வாசிப்பார். 1961-இல் திருமணம். 1963-இல் கணவருக்கு அமெரிக்காவின் டல்லாஸ் நகரத்தில் ஆராய்ச்சி வேலை கிடைக்க, இவரும் உடன் போனார். அங்கே இவர் படிப்புக்கேற்ற இடம் அமையவில்லை. சுமார் 300 கிலோமீட்டர் தள்ளி, ஆஸ்டினில் இருந்த டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணவியாகச் சேர்ந்தார். வீடு ஓர் ஊரில், படிப்பு இன்னோர் ஊரில். அந்த அலைச்சலோடு மூன்றே ஆண்டுகளுக்குள் முனைவர் பட்ட ஆய்வை எழுதி முடித்தார்.

அந்த ஆய்வில் என்ன இருந்தது என்பதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும்.

அன்றைக்கு வானியலின் பெரிய கேள்வி இது: பிரபஞ்சம் விரிந்துகொண்டே போகுமா, இல்லை ஒருநாள் நின்று திரும்பிச் சுருங்குமா? கலிபோர்னியாவில் பாலோமர் மலையின் 200 அங்குலத் தொலைநோக்கியை வைத்து ஆலன் சாண்டேஜ் இதற்கு விடை தேடிக்கொண்டிருந்தார். துறையிலேயே மிகப் பெரிய பெயர்களில் ஒருவர். அவருடைய அகல் விளக்குகள், கேலக்ஸிக் கூட்டங்களில் ஆகப் பிரகாசமாக இருக்கும் நீள்வட்ட கேலக்ஸிகள். அவை ஏறத்தாழ ஒரே அளவு பிரகாசம் உள்ளவை, காலம் போனாலும் பெரிதாக மாறாதவை என்று எடுத்துக்கொண்டுதான் தூரக் கணக்கு நடந்தது.

டின்ஸ்லி கேட்டது எளிமையான கேள்விதான். கேலக்ஸி என்பது நட்சத்திரங்களின் கூட்டம். நட்சத்திரம் பிறக்கிறது, எரிகிறது, சாகிறது. கூட்டத்தில் உள்ள ஒவ்வொன்றும் மாறும்போது கூட்டம் மட்டும் எப்படி மாறாமல் இருக்கும்? தொலைவில் உள்ள கேலக்ஸியின் ஒளி நம்மிடம் வந்து சேரவே பல கோடி ஆண்டுகள் ஆகின்றன. நாம் பார்ப்பது அதன் இளமைக் காலத்தை. அந்த இளமைப் பிரகாசத்தைப் பக்கத்து கேலக்ஸியின் இன்றைய பிரகாசத்தோடு ஒப்பிட்டால் தூரம் சரியாக வருமா?

கேட்டதோடு நின்றிருந்தால் யாரும் பொருட்படுத்தியிருக்க மாட்டார்கள். அவர் கணக்குப் போட்டார். சூரியனைப் போன்ற நட்சத்திரம் சுமார் 1,000 கோடி ஆண்டு வாழும். அதைப்போல் பத்து மடங்கு எடை உள்ளது நீல நிறத்தில் பிரமாதமாக ஒளிர்ந்து, சில கோடி ஆண்டுகளிலேயே முடிந்துவிடும். எடை குறைந்த சிவப்பு நட்சத்திரங்களோ மங்கலாக, பிரபஞ்சத்தின் இன்றைய வயதைத் தாண்டியும் எரியக்கூடியவை. ஒரு வாயுத் திரளில் எந்த எடையில் எத்தனை நட்சத்திரம் பிறக்கும் என்பதற்கு ஒரு தோராயமான விகிதம் ஏற்கெனவே தெரிந்திருந்தது. இவற்றையெல்லாம் சேர்த்து, கணினியில் ஒரு கேலக்ஸியைத் தொடக்கத்திலிருந்து படிப்படியாக நடத்திப் பார்த்தார். இந்தக் காலத்துக்குள் இவ்வளவு வாயு நட்சத்திரமானது, இத்தனை நட்சத்திரம் செத்தது, சாகும்போது இவ்வளவு வாயுவைத் திருப்பித் தந்தது, அந்த வாயுவில் புதிதாகச் சமைக்கப்பட்ட கார்பனும் ஆக்சிஜனும் இரும்பும் இவ்வளவு, அதிலிருந்து அடுத்த தலைமுறை நட்சத்திரங்கள். வீட்டு வரவு செலவு நோட்டு எழுதுவது போலத்தான். ஒவ்வொரு கட்டத்திலும் மொத்த வெளிச்சம் எவ்வளவு, நிறம் என்ன என்று கூட்டிப் பார்த்தார்.

விடை தெளிவாக வந்தது. புதிய நட்சத்திரம் பிறப்பது நின்றுபோன கேலக்ஸி நாளாக நாளாக மங்கும், சிவக்கும். அப்படியானால் நீள்வட்ட கேலக்ஸிகள் முன்பு இன்னும் பிரகாசமாக இருந்தன. அந்தத் திருத்தத்தைப் போட்டதும் பிரபஞ்சத்தின் எதிர்காலம் பற்றிய விடையே ஆட்டம் கண்டது. திருத்தம் போடாதபோது, விரிவு ஒருநாள் நின்றுபோகும் என்ற பக்கம் சாய்ந்த அளவீடுகள், திருத்தம் போட்டதும் எதிர்ப்பக்கம் நகர்ந்தன. இன்னொரு பயனும் கிடைத்தது. ஒரு கேலக்ஸியின் நிறத்தைப் பார்த்தே அங்கே எப்போது, எந்த வேகத்தில் நட்சத்திரங்கள் பிறந்தன என்று ஊகிக்கலாம். ஓர் ஊருக்குள் நுழைந்ததும், தெருவில் பிள்ளைகள் விளையாடுகிறார்களா, திண்ணையில் பெரியவர்கள் மட்டும் உட்கார்ந்திருக்கிறார்களா என்று பார்த்து ஊரின் கதையைச் சொல்லிவிடுகிறோமே, அப்படி.

சாண்டேஜ் இதை எளிதில் ஏற்கவில்லை. இருவருக்கும் நடுவில் பல ஆண்டுகள் கருத்து மோதல் நடந்தது. நிரந்தரப் பதவிகூட இல்லாத ஓர் இளம் பெண், துறையின் தூணாக இருந்தவரிடம் உங்கள் அடிப்படை அனுமானம் சரியில்லை என்று எழுத்தில் சொல்வதற்கு எவ்வளவு துணிச்சல் வேண்டும்! எனக்கு அவர் மேல் பெரிய மரியாதை வந்தது இந்த இடத்தில்தான். குரலை உயர்த்தவில்லை, எண்களை முன்னால் வைத்தார். 1974-இல் காட், கன், ஷ்ராம் ஆகிய மூவரோடு சேர்ந்து, பலவகைச் சான்றுகளையும் ஒன்றாக வைத்துப் பார்த்து, பிரபஞ்சத்தின் விரிவைத் தடுத்து நிறுத்தும் அளவுக்கு அதில் பொருள் இல்லை என்று எழுதினார். அடுத்த ஆண்டே ஜேம்ஸ் கன்னுடன் சேர்ந்து, விரிவின் வேகம் கூடிக்கொண்டுகூட இருக்கலாம் என்று நேச்சர் இதழில் எழுதினார். அன்றைய தரவுகள் அதை உறுதிசெய்யப் போதாதவை. 1998-இல் சூப்பர்நோவாக்களை, அதாவது வெடித்துச் சிதறும் நட்சத்திரங்களை, வைத்து வேறு குழுக்கள்தாம் அதை நிறுவின.

அப்புறம் வாழ்க்கைப் பக்கம். இரண்டு குழந்தைகளைத் தத்தெடுத்து வளர்த்துவந்தார். குடும்பத்துக்கும் ஆராய்ச்சிக்கும் இடையே இழுபட்ட ஆண்டுகள் அவை. 1974-இல் மணவாழ்க்கை முறிந்தது. குழந்தைகளைத் தந்தையிடம் விட்டுவிட்டு வெளியேறினார். அந்த முடிவைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல நமக்கு உரிமை இல்லை. அவருக்கு அது எளிதாக இருந்திருக்காது என்று மட்டும் சொல்வேன். 1975-இல் யேல் பல்கலைக்கழகம் வேலை கொடுத்தது. 1978-இல் அங்கே வானியல் பேராசிரியர் ஆனார். அந்தப் பதவிக்கு வந்த முதல் பெண் அவர்தான்.

யேல் நாட்களில் ரிச்சர்ட் லார்சனுடன் செய்த ஒரு வேலையை விட்டுவிட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை. வால் முளைத்தது போலவும் முறுக்கிப் பிழிந்தது போலவும் விசித்திர உருவம் கொண்ட 338 கேலக்ஸிப் படங்களை ஹால்டன் ஆர்ப் 1966-இல் ஒரு தொகுப்பாக வெளியிட்டிருந்தார். அத்தகைய கேலக்ஸிகளின் நிறங்களைச் சாதாரண கேலக்ஸிகளின் நிறங்களோடு இருவரும் ஒப்பிட்டார்கள். சாதாரண கேலக்ஸிகளின் நிறங்கள் வரைபடத்தில் ஒரு குறுகிய பாதையில் வரிசையாக விழுந்தன. விசித்திரமானவை அங்குமிங்குமாகச் சிதறின. டின்ஸ்லியின் கணக்கு முறை அதற்குக் காரணம் சொன்னது: சில கோடி ஆண்டுகள் என்ற குறுகிய காலத்துக்குள் குபீரென்று ஏராளமான நட்சத்திரங்கள் அங்கே பிறந்திருக்கின்றன. இரண்டு கேலக்ஸிகள் நெருங்கி உரசும்போது வாயு கலங்கி, நெருக்குண்டு, நட்சத்திரங்களாக வெடித்துக் கிளம்புகிறது. 1978-இல் வந்த அந்தக் கட்டுரையின் வழியில்தான் கேலக்ஸி மோதல்களை இன்றும் படிக்கிறார்கள். ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி பிடித்த ஒரு சிவப்புப் புள்ளியைக் காட்டி, இதில் இத்தனை கோடி சூரியன்களின் எடை இருக்கிறது என்று செய்தியில் சொல்கிறார்களே, அந்த எண்ணும் டின்ஸ்லி தொடங்கிய கணக்கு முறையின் வழியாக வந்ததுதான்.

பேராசிரியரான அதே 1978-இல் அவருக்கு மெலனோமா என்ற தோல் புற்றுநோய் இருப்பது தெரிந்தது. சிகிச்சை ஒருபுறம், வேலை ஒருபுறம். மாணவர்களுக்கு வழிகாட்டினார். கேலக்ஸிகளில் நட்சத்திரங்களும் வாயுவும் மாறிவரும் விதத்தைப் பற்றி 1980-இல் அவர் எழுதிய நீண்ட தொகுப்புக் கட்டுரையை ஆராய்ச்சி மாணவர்கள் இப்போதும் எடுத்துப் படிக்கிறார்கள். கடைசி மாதங்களில் நோய் மூளைக்குப் பரவி வலது கை செயலிழந்தது. இடது கையால் எழுதப் பழகிக்கொண்டார். அப்படி முடித்த கடைசிக் கட்டுரையை, இறப்பதற்குச் சில நாட்கள் முன்பு, அஸ்ட்ரோபிசிகல் ஜர்னல் இதழுக்கு அனுப்பிவைத்தார். 1981 மார்ச் 23 அன்று இறந்தபோது வயது 40.

அந்தக் கட்டுரையின் பொருள், தொலைதூர கேலக்ஸி எதுவும் கிடையாது. நம் சூரியனைச் சுற்றியுள்ள அக்கம்பக்கம். அங்கே நட்சத்திரங்கள் பிறந்து செத்து, தலைமுறை தலைமுறையாக வாயுவில் எவ்வளவு உலோகத்தைச் சேர்த்துவைத்தன என்ற கணக்கு. (ஹைட்ரஜனும் ஹீலியமும் தவிர மற்ற எல்லாத் தனிமங்களையும் வானியலில் உலோகம் என்றே சொல்வார்கள்.) முன்பு எழுதிய சமன்பாடுகள் சிலவற்றை அதில் அவர் திருத்தி எழுதியிருக்கிறார். அதே ஆண்டின் பிற்பகுதியில் அது அச்சில் வந்தது.

நன்றி, வணக்கம்.