ராப் என்றால் வேகமாகப் பேசுவதுதானா? – சந்தேகங்களுக்கு விளக்கம்

வணக்கம். இன்றைக்கு நான்கு கேள்வி எடுத்து வைத்திருந்தேன். மூன்றை அடுத்த வாரத்துக்குத் தள்ளிவிட்டேன். மும்பை பக்கத்துக் கல்யாண் ஊரில் இருந்து ஒரு தம்பி எழுதியிருக்கிற இந்தக் கேள்வி இரண்டு நாளாகத் தூங்கவிடவில்லை. அவர் கேட்பது இதுதான்: “சார், திருப்புகழ்ச் சந்தம் பற்றிப் பேசும்போதும் நடுநடுவே ராப் ராப் என்கிறீர்கள். ராப் என்றால் வேகமாகப் பேசுவதுதானே? அதில் ஒரு ஆல்பம் முழுக்க உட்கார்ந்து கேட்க என்ன இருக்கிறது? இருந்தால் உங்களுக்குப் பிடித்த பத்து ஆல்பம் சொல்லுங்கள்.”

முதலில் கோபம் வந்தது. அப்புறம் சிரிப்பு வந்தது. ஏனென்றால் 1990-களில் நானும் இதையேதான் சொல்லிக்கொண்டு திரிந்தேன். சொன்னதோடு விடவில்லை, ஒரு பாவமும் செய்தேன். அதை இந்தச் சேனலில் இதுவரை சொன்னதில்லை.

நான் தாராவிக்காரன், அது உங்களுக்குத் தெரியும். 90 அடி சாலையில் ஒரு கேசட் கடையில் வேலை பார்த்தேன். ஜனங்கள் ஒரு சீட்டில் பாட்டெல்லாம் எழுதிக்கொண்டு வருவார்கள், நாங்கள் வெற்றுக் கேசட்டில் பதிந்து கொடுப்போம். இரண்டு டெக், நடுவில் ஒரு வயர், அவ்வளவுதான் தொழில். ஒருநாள் கப்பலில் வேலை பார்க்கிற தூத்துக்குடிக்காரர் ஒருவர் வந்தார். கையில் ஒரு வெளிநாட்டுக் கேசட். அட்டையில் ஒரு சின்னப் பையன் முகம், அந்த முகத்துக்குள்ளேயே ஒரு தெரு தெரிகிறது. “தம்பி, இதுக்கு ஒரு காப்பி போட்டுக் குடு. ஒரிஜினலை இன்னொருத்தனுக்குக் கொடுக்கணும்” என்றார்.

போட்டேன். முதலில் ரயில் சத்தம். பிறகு யாரோ பேசிக்கொள்கிறார்கள். பாட்டு வருகிற வழியைக் காணோம், ஒன்றே முக்கால் நிமிடம் இப்படியே போகிறது. டேப் வீணாகிறதே என்று ஓட்டிவிட்டு, இரண்டாவதில் இருந்து பதிய ஆரம்பித்தேன். ஆல்பம் மொத்தமே நாற்பது நிமிடத்துக்குள். கேசட்டோ அறுபது நிமிடம். டேப்பைக் காலியாக விட்டுக் கொடுத்தால் வாடிக்கையாளர் சண்டைக்கு வருவார் என்பதால், மிச்சத்தை எதையாவது போட்டு நிரப்புவது எங்கள் கடை வழக்கம். ஒரு பக்கக் கடைசியில் ‘தளபதி’யில் இருந்து காட்டுக்குயிலு, மறு பக்கத்தில் ராக்கம்மா. எனக்கும் ஒரு காப்பி போட்டுக்கொண்டேன்.

அந்தக் கேசட்தான் நியூயார்க் ராப் பாடகர் நாஸின் ‘இல்மேட்டிக்’. 1994 ஏப்ரலில் வந்தது. நாஸுக்கு அப்போது இருபது வயது. ஏழெட்டு வருடம் நான் அதைக் கேட்டேன், தலையில்லாத முண்டமாக. பிறகு ஒரு நண்பர் வீட்டில் சிடி போட்டார். ரயில் வந்தது. அப்போதுதான் உறைத்தது. மாஹிம் பக்கம் தண்டவாளத்தை ஒட்டிய சால் என்கிற வரிசை வீட்டில் பிறந்து வளர்ந்தவன் நான். லோக்கல் ரயில் போகும்போது அம்மா பேச்சை நிறுத்துவாள், போனதும் விட்ட இடத்தில் இருந்து தொடர்வாள். அப்படிப்பட்டவன், ஒருவன் தன் ஊரைக் காட்ட வைத்த ரயிலைக் குப்பை என்று வெட்டி எறிந்திருக்கிறேன்!

பழைய ஆட்களுக்குத் தெரியும், ‘வாசல் சத்தம், வாசல் சத்தம்’ என்று சொல்லி உங்கள் உயிரை எடுப்பவன் நான். ஒரு நல்ல ஆல்பம் வாயைத் திறப்பதற்கு முன்னாலேயே தான் எந்த இடத்தில் நிற்கிறது என்று சொல்லிவிடும். நாதஸ்வரக்காரர் சீவாளியை ஊதிப் பார்க்கும்போதே கல்யாண மண்டபம் கண்ணுக்கு வந்துவிடும் என்று போன வருடம் சொன்னேன் அல்லவா, அதே விஷயம்தான். அந்த எண்ணம் எனக்கு எங்கிருந்து வந்தது என்று பலர் கேட்டிருக்கிறார்கள். இந்த வெட்டி எறிந்த ரயிலில் இருந்துதான் வந்தது.

இல்மேட்டிக் கேசட்டில் இன்னொன்றையும் பார்த்தேன், அப்போது புரியவில்லை. ஏ பக்கம், பி பக்கம் என்று போடாமல் ‘40-ஆவது பக்கம் வடக்கு’, ‘41-ஆவது பக்கம் தெற்கு’ என்று போட்டிருந்தார்கள். அவர் வளர்ந்த குவீன்ஸ்பிரிட்ஜ் நியூயார்க்கின் பெரிய அரசுக் குடியிருப்பு. அங்கே உள்ள தெரு எண்கள் அவை. கேசட்டைத் திருப்பிப் போட்டால் நீங்கள் தெருவைக் கடக்கிறீர்கள்! மூன்றாவது பாட்டு முடிகிற இடத்தில் அவருடைய அப்பா ஓலு தாரா வந்து கார்னெட் ஊதுவார். ஜாஸ் கலைஞர். பாட்டு வாழ்க்கை நிலையில்லாதது என்று சொல்லி நிறுத்த, அப்பா ஒரு வார்த்தையும் பேசாமல் ஊதிவிட்டுப் போகிறார். அந்த இடம் வந்தால் இன்றைக்கும் எனக்கு ஒரு மாதிரி ஆகிவிடும்.

சரி, வேகம் என்றீர்களே தம்பி. அதற்கு எரிக் பி – ராக்கிம் இரட்டையரின் ‘பெய்ட் இன் ஃபுல்’ கேளுங்கள், 1987. ராக்கிம் கத்த மாட்டார், ஓட மாட்டார். திண்ணையில் சாய்ந்துகொண்டு பேசுகிற குரல். அதற்கு முன்னால் பெரும்பாலும் அடியின் கடைசியில்தான் ஓசை ஒன்றும், நாம் இயைபு என்கிறோமே அது. ராக்கிம் அதை அடிக்கு உள்ளே இழுத்தார். நடுவில் ஒன்று ஒட்டும், அது அடுத்த அடியின் நடுவில் போய் இன்னொன்றில் ஒட்டும். எதுகை மோனை படித்தவனுக்கு இது கேட்ட உடனே பிடிபடும். வேகம் என்பது ஒரு வித்தை, அவ்வளவுதான். தாளச் சொற்களை வாயால் சொல்கிற கொன்னக்கோலிலும் ஐந்தாம் காலம் சொல்லிக் கைதட்டு வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். விளம்பத்தில், அதாவது மெதுவான காலத்தில், தாளத்தை விடாமல் நிற்பதுதான் கஷ்டம்.

அதே கணக்கில் எ டிரைப் கால்ட் குவெஸ்ட் குழுவின் ‘தி லோ எண்ட் தியரி’, 1991. பெயரே கீழ் ஸ்தாயிக் கொள்கை. ஜாஸ் மேதை ரான் கார்ட்டர் ஒரு பாட்டுக்கு நேரில் வந்து பாஸ் வாசித்தார். மிருதங்கத்தில் இடது பக்கத்துக்குத் தொப்பி என்று பெயர். கச்சேரிக்கு முன்னால் ரவையைப் பிசைந்து அதில் அப்புவார்கள். அப்பியதும் சத்தம் கனத்துக் கீழே இறங்கும். வலது பக்கம் பேசும், தொப்பி கூடவே உம் கொட்டும். இந்த ஆல்பம் முழுக்கத் தொப்பி. நம் மும்பையிலேயே மிருதங்க வித்வான் விவேக் ராஜகோபாலன் ‘தா தோம்’ என்று கொன்னக்கோலையும் ராப்பையும் சேர்த்துச் செய்தார். மேடையில் பார்த்தால் யார் யாருக்குக் கற்றுக்கொடுக்கிறார்கள் என்றே தெரியாது.

பப்ளிக் எனிமி குழுவின் 1988 ஆல்பத்துக்கு லண்டன் கச்சேரியில் அலறுகிற சைரன்தான் வாசல். வீட்டில் சத்தமாக வைக்காதீர்கள், பக்கத்துக் கோலிக்காரர், அதாவது பக்கத்து அறைக்காரர், வந்துவிடுவார்.

லாரின் ஹில்லிடம் கொஞ்சம் நிற்க வேண்டும். ‘தி மிஸெஜுகேஷன் ஆஃப் லாரின் ஹில்’, 1998. ஆண்டின் சிறந்த ஆல்பத்துக்கான கிராமி விருது வாங்கிய முதல் ஹிப் ஹாப் ஆல்பம். அதற்குப் பிறகு அவர் இன்னொரு ஸ்டூடியோ ஆல்பமே போடவில்லை. அதன் வாசல் என்ன தெரியுமா? பள்ளிக்கூட மணி. வாத்தியார் வருகைப்பதிவு எடுக்கிறார். பிள்ளைகள் ஒவ்வொருவராகப் பதில் சொல்கிறார்கள். லாரின் ஹில் என்று கூப்பிடுகிறார். பதில் இல்லை. மறுபடி கூப்பிடுகிறார், இல்லை. அவள் வகுப்பில் இல்லை, அவ்வளவுதான், பாட்டு ஆரம்பித்துவிடுகிறது. நான் மாநகராட்சித் தமிழ்ப் பள்ளியில் படித்தவன். ‘உள்ளேன் ஐயா’ என்று நாற்பது குரல் வருகிற நேரத்தில் ஒரு பெயருக்கு மட்டும் குரல் வராது. ஊருக்குப் போயிருப்பான், அல்லது தோல் பட்டறையில் சேர்ந்திருப்பான். வாத்தியார் பேனாவைக் கொஞ்சம் நிறுத்துவார், பிறகு அடுத்த பெயர். அந்த ஒரு நிறுத்தம்தான் இந்த ஆல்பம். வகுப்பறைப் பேச்சு பாட்டுகளுக்கு நடுவே வந்துகொண்டே இருக்கும். பாட்டை மாற்றி மாற்றிப் போட்டுக் கேட்டால் அது அத்தனையும் போச்சு. அதனால்தான் கலைத்துப் போடாதீர்கள், வாசல் வழியாக வாருங்கள் என்கிறேன்.

கெண்ட்ரிக் லாமரில் எல்லோரும் 2018-இல் புலிட்சர் பரிசு வாங்கிய ‘டேம்’ சொல்வார்கள். நான் 2012-இன் ‘குட் கிட், மேட் சிட்டி’ சொல்வேன். அட்டையிலேயே ஒரு குறும்படம் என்று எழுதியிருக்கும். லாஸ் ஏஞ்சலஸ் பக்கத்துக் காம்ப்டனில் ஒரு பையன் அம்மாவின் வேனை எடுத்துக்கொண்டு போகிறான். பதினைந்து நிமிடத்தில் வருகிறேன் என்று போனவன் வரவில்லை. அம்மா போனில் செய்தி விடுகிறாள், வண்டியைக் கொண்டுவா என்று. பின்னால் அப்பா குறுக்கே விழுந்து தன் டாமினோ காய்கள் எங்கே என்று கத்துகிறார். வெளியே உயிர் போகிற பிரச்சினை, வீட்டில் டாமினோ! இதை எழுதத் தனித் தைரியம் வேண்டும்.

மியாவின் ‘கலா’ 2007-இல் வந்தது. லண்டன்வாழ் ஈழத் தமிழ்ப் பெண். முதல் ஆல்பம் ‘அருளர்’ அப்பா பெயரில், இது அம்மா பெயரில். ஒரு பாட்டில் உறுமி அடிக்கிறது. இன்னொன்று ‘டிஸ்கோ டான்ஸர்’ படத்தின் ஜிம்மி ஜிம்மியேதான், மும்பைக்காரன் தூக்கத்தில் கேட்டாலும் தெரியும். ஆனால் நான் உட்கார்ந்திருந்த நாற்காலியில் இருந்து எழுந்தது முதல் பாட்டுக்குத்தான். அதில் ஓடுவது காட்டுக்குயிலு! நான் நாஸ் கேசட்டின் வாலில் கட்டிவிட்டது பன்னிரண்டு வருடம் கழித்து லண்டனைச் சுற்றிக்கொண்டு ஆல்பத்தின் தலையில் வந்து நிற்கிறது.

தமிழில் யோகி பி – நட்சத்ராவின் ‘வல்லவன்’, 2006. மலேசியத் தமிழர்கள். ‘நிழல்கள்’ படத்தின் மடை திறந்து பாட்டை எடுத்துக்கொண்டு தங்கள் கதையைச் சொன்னார்கள். அப்புறம் ராப் பாடகர் அறிவின் ‘தெருக்குறள்’, 2019. ஹிப் ஹாப் தமிழாவின் 2012 ஆல்பத்தைச் சொல்லவில்லை என்று கமெண்டில் அடிக்க வராதீர்கள். அதற்குத் தனிக் காணொளி போட்டிருக்கிறேன். டெல்லியில் பிரப் தீப்பின் ‘கிளாஸ்-சிக்’, 2017, திலக் நகரைக் கையில் எடுத்துக் கொடுக்கும். எத்தனை ஆயிற்று? ஒன்பதோ பத்தோ. எண்ணாதீர்கள்.

இந்தக் கேள்வியை விட, ‘நம் மும்பைத் தமிழ்ப் பையன் எந்த மொழியில் ராப் பண்ண வேண்டும்?’ என்று நீங்கள் கேட்டிருந்தால் எனக்கு இன்னும் சந்தோஷமாக இருந்திருக்கும். கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். குர்லாவில் நேஸி 2014-இல் ஐபேடிலேயே பாட்டும் படமும் எடுத்துப் போட்டார். அந்தேரியில் டிவைன். இரண்டு பேருடைய இந்தியும் பம்பாய்த் தெரு இந்தி. தாராவியில் எம்சி அல்தாஃப் பாட்டுக்கு ‘கோட் மும்பை 17’ என்று பின்கோடையே பெயராக வைத்தார். 400017, என் ரேஷன் கார்டில் இருக்கிற எண். தாராவியின் டோப்படெலிக்ஸ் 2018-இல் ‘காலா’ படத்தில் தமிழிலேயே பாடினார்கள். தியேட்டரில் என் பக்கத்து இருக்கைக்காரர் ரஜினிக்கு விசில் அடித்தார், நான் பையன்களுக்கு அடித்தேன்.

எங்கள் வீட்டிலும் ஒருவன் இருக்கிறான், அக்கா மகன். அம்மாவிடம் திருநெல்வேலித் தமிழ், தெருவில் இந்தி, வேலை செய்யும் இடத்தில் மராத்தி. “மாமா, எதுல எழுதட்டும்?” என்று ஒரு வருடமாகக் கேட்கிறான். முதலில் வாசல் சத்தத்தைக் கண்டுபிடி, மொழி தன்னால் வரும் என்றேன். ரயிலை வைக்கலாமே என்றும் சொன்னேன், என் பாவத்துக்குப் பரிகாரமாக இருக்கட்டும் என்று. “ரயிலை நாஸ் வச்சுட்டாரே மாமா” என்று ஒரே போடாகப் போட்டான்.

போன மாதம் வாட்ஸ்அப்பில் ஒரு ஆடியோ அனுப்பினான். நாற்பது நொடி இருக்கும். காலை ஐந்து மணி, குழாயில் தண்ணீர் விடுகிற நேரம். முதலில் குழாய்க்குள் வெறும் காற்று சீறுகிறது. யாரோ ‘பானி ஆயா’ என்று கத்துகிறார்கள். நீல டிரம்மைத் தரையில் இழுக்கிற சத்தம், அது தகரத்தில் மோதுகிற சத்தம். ஒரு பெண் மராத்தியில் வரிசையைப் பற்றிச் சண்டை போடுகிறாள், அதற்கு இன்னொருத்தி இந்தியில் பதில் சொல்கிறாள். நடுவில் அக்கா குரல், நல்ல பாளையங்கோட்டைத் தமிழில்: “எலேய், அந்தப் போனைக் கீழ வச்சுட்டு குடத்தைப் பிடில!”

அதோடு ஆடியோ நின்றுவிடுகிறது. பாட்டு இன்னும் எழுதவில்லையாம். நான் இதுவரை இருபது தடவை கேட்டுவிட்டேன்.