வற்றிய ஓடையில் டிரவுட்

நேயர்களுக்கு வணக்கம்.

மீன்பிடிப்பைப் பற்றிப் பேச வாருங்கள் என்று அழைத்தவர்கள், லோவர் பியர்ஸ் நீர்த்தேக்கத்துப் பீகாக் பாஸையோ தோமானையோ பற்றித்தான் பேசுவேன் என்று நினைத்திருப்பார்கள். வார இறுதிகளில் நான் கோலோடு நிற்பது அங்கேதான். ஆனால் இன்று நம் சிங்கப்பூர்த் தீவில் இல்லாத ஒரு மீனைப் பற்றிப் பேச விரும்புகிறேன். அதன் பெயர் டிரவுட். குளிர்ந்த நீரில் வாழும் மீன். நம் நீர்த்தேக்கத் தண்ணீரில் அதை விட்டால் பிழைக்காது.

நம்மில் பலர் விடுமுறைக்கு நியூசிலாந்து போகிறார்கள். சீனப் புத்தாண்டு விடுப்போடு சில நாள்களைச் சேர்த்துக்கொண்டு, வாடகைக் காரில் தூண்டிற்கோலையும் ஏற்றிக்கொண்டு கிளம்புகிறவர்களை எனக்குத் தெரியும். அப்போது அங்கே கோடைக்காலம். ஓடைகள் மெலிந்து கிடக்கும் நேரம். அவர்களை மனத்தில் வைத்துத்தான் பேசுகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பிப்ரவரியில், தேசிய சேவையை முடித்திருந்த என் மகனோடு தென் தீவுக்குப் போனேன். பத்து மணி நேர விமானப் பயணம், அதன் பிறகு நீண்ட கார்ப் பயணம். போய்ச் சேர்ந்த ஓடையில் பல இடங்களில் தண்ணீர் முழங்காலுக்குக்கூட வரவில்லை. கண்ணாடி போன்ற தெளிவு. அடியில் கிடக்கும் கூழாங்கற்களை எண்ணிவிடலாம்.

"மீன் எங்கே அப்பா?" என்று கேட்டுக்கொண்டே மகன் கரையில் நிமிர்ந்து நின்றான். அவன் நிழல் தண்ணீரில் விழுந்தது. கல் என்று நாங்கள் நினைத்திருந்த மூன்று உருவங்கள் கண் இமைக்கும் நேரத்தில் மறைந்தன. அதன் பிறகு அந்த மடுவில் ஒரு மணி நேரம் எதுவும் அசையவில்லை.

நீருக்குள்ளிருந்து அண்ணாந்து பார்க்கும் மீனுக்கு வெளியுலகம் முழுவதும் ஒரு வட்டச் சாளரத்துக்குள் சுருங்கித் தெரிகிறது. மீனின் கண்ணிலிருந்து மேல்நோக்கி விரியும் ஏறத்தாழ 97 பாகைக் கூம்பு அது. ஓட்டம் வேகமாக இருந்தால் அலை அந்தச் சாளரத்தைக் கலைத்துவிடும். நீர் குறைந்து அசையாமல் நிற்கும்போது காட்சி தெளிவாகிவிடுகிறது. நிமிர்ந்து நிற்பவர் அதற்குள் வந்துவிடுவார். தாழ்ந்து இருப்பவரின் உருவம் சாளரத்தின் விளிம்பில் நசுங்கி மங்கிப்போகும். அதனால் முழங்காலில் நகர வேண்டும். டிரவுட் ஓட்டத்தை எதிர்த்துத் தலை வைத்து நிற்கும் மீன் என்பதால், கீழ்ப்புறத்திலிருந்து, அதன் வாலுக்குப் பின்னாலிருந்து நெருங்க வேண்டும்.

நாங்கள் செய்வது ஃபிளை ஃபிஷிங். பூச்சி போலத் தோன்றும்படி இறகும் நூலும் ரோமமும் சுற்றிய சிறு முள்தான் இரை. அதற்கு எடையே கிடையாது. கோலோடு வரும் தடித்த கயிற்றின் எடைதான் அதைக் கொண்டுபோகிறது. அந்தக் கயிறு தண்ணீரில் விழும் ஓசைகூட வற்றிய ஓடையில் மீனை விரட்டிவிடும். ஆகவே கயிற்றுக்கும் பூச்சிக்கும் இடையிலுள்ள நரம்பை 9 அடியிலிருந்து 12 அடி, 15 அடி என்று நீட்டுகிறோம். அதன் நுனி ஏறக்குறைய 0.13 மில்லிமீட்டர் தடிமன்தான். பூச்சியும் எறும்பளவுக்குச் சிறுத்துவிடும். ஆனால் கரை மரங்களில் சில்வண்டுகள் இரையும் நாள்களில் கட்டைவிரல் பருமனான பொய்ச் சில்வண்டைக்கூட டிரவுட் மேலே வந்து விழுங்கும்.

இவையெல்லாம் பழகினால் வந்துவிடும். எனக்குப் பழக்கமில்லாமல் இருந்தது வேறொன்று.

மறுநாள் பிற்பகல் இரண்டு மணிக்கு ஒரு மீன் கடித்தது. நுனி நரம்பு மெல்லியது, அறுந்துவிடுமோ என்று பயந்து நெடுநேரம் இழுத்தடித்தேன். கையில் எடுத்துப் படம் பிடித்துக்கொண்டோம். பிறகு நீரில் விட்டேன். அது பக்கவாட்டில் சாய்ந்தது. மெல்லப் பிடித்து ஓட்டத்துக்கு எதிராக நிறுத்தினேன். செவுள் இரண்டு முறை திறந்தது. அவ்வளவுதான். ஓடைநீர் கைக்கு இதமாக இருந்ததை அப்போதுதான் உணர்ந்தேன். டிரவுட் ஓடையில் நீர் கைக்கு இதமாக இருக்கக் கூடாது.

10 டிகிரி நீரில் லிட்டருக்குச் சுமார் 11 மில்லிகிராம் உயிர்வளி கரைந்திருக்க முடியும். 20 டிகிரியில் அது 9 ஆகக் குறைகிறது. வெப்பம் ஏற ஏற மீனின் உடல் கேட்கும் உயிர்வளியோ கூடிக்கொண்டே போகிறது. களைத்த மீனுக்கு அந்த இடைவெளியைக் கடக்க வழியில்லை.

இந்த மீன்களின் வரலாறே குளிரின் வரலாறுதான். 1864-இல் இங்கிலாந்திலிருந்து டிரவுட் முட்டைகளைப் பாசியில் பொதிந்து, பனிக்கட்டிக்கு நடுவில் வைத்துக் கப்பலில் டாஸ்மேனியாவுக்குக் கொண்டுபோனார்கள். அங்கிருந்து 1867-இல் நியூசிலாந்துக்குப் போயின. நம் தமிழ் மண்ணில் நீலகிரியின் அவலாஞ்சியில் 1907-இல் டிரவுட் குஞ்சு பொரிப்பகம் அமைத்ததும் அந்த மலைக்குளிரை நம்பித்தான். வெப்ப மண்டலக் கடலைத் தாண்டி அத்தனை பாடுபட்டு உயிரோடு கொண்டுவந்த இனத்தில் ஒன்றை, ஒரு படத்துக்காக நான் வெந்நீரில் நிறுத்திக் கொன்றேன். அது இன்னமும் எனக்கு உறுத்துகிறது.

அதனால் கேட்டுக்கொள்கிறேன். கோலோடு ஒரு வெப்பமானியும் கொண்டுபோங்கள். நீரில் வைத்துப் பாருங்கள். 19 டிகிரியை நெருங்கினால் தூண்டிலைச் சுருட்டிவிடுங்கள். விடிந்ததும் ஓடைக்குப் போங்கள். இரவெல்லாம் குளிர்ந்த நீர் அப்போதுதான் மீனுக்குச் சாதகமாக இருக்கும். கொக்கியில், மீன் கழன்றுவிடாமல் தடுக்கும் எதிர்முள் இருந்தால் நசுக்கிவிடுங்கள். பிடித்த மீனை விரைவாகக் கரை சேர்த்து, ஈரக் கையோடு, நீரை விட்டு எடுக்காமலேயே விடுவியுங்கள். மடுவின் தலைமாட்டில் நுரைத்து விழும் இடத்தில் மீன்கள் நெருக்கியடித்துக் கூடியிருந்தால், அவை அங்கே மூச்சுக்காக வந்திருக்கின்றன. அவற்றைத் தொந்தரவு செய்யாதீர்கள். இன்னொன்று: ஒரு நீர்நிலையில் நனைந்த காலணியையும் வலையையும் கழுவி, நன்றாகக் காயவைத்த பிறகே அடுத்ததில் இறங்குங்கள். 2004-இல் நியூசிலாந்தில் கண்டுபிடிக்கப்பட்ட டிடிமோ என்ற பாசி இப்படித்தான் ஈரப் பொருள்களில் ஒட்டிக்கொண்டு பரவுகிறது.

அடுத்த முறை போனபோது வெப்பமானி மகனின் சட்டைப் பையில் இருந்தது. காலை ஏழு மணிக்கு 14 டிகிரி. இருவரும் முழங்காலிட்டே நகர்ந்து இரண்டு மீன் பிடித்து, நீரிலேயே விட்டோம். இரண்டும் கையிலிருந்து துள்ளிப் போயின. பதினோரு மணிக்கு அவன் மறுபடியும் நீரில் வைத்துப் பார்த்தான். "பத்தொன்பது அப்பா" என்றான். எதிரே வில்லோ மர நிழலில் பெரிய மீன் ஒன்று மேலே வந்து எதையோ உறிஞ்சிவிட்டு இறங்கியது. இருவரும் அதைப் பார்த்தபடியே நரம்பைச் சுற்றினோம்.