வலியில்லாதவர் முதுகிலும் பிதுக்கம்

நேயர்களுக்கு வணக்கம். ஸ்கேன் படங்களைப் படித்து ரிப்போர்ட் எழுதுவது என் வேலை. முதுகுவலிக்காக எம்.ஆர்.ஐ. எடுத்தவர்கள், "டிஸ்க் பிதுங்கியிருக்குன்னு போட்டிருக்கே டாக்டர், ஆபரேஷன்தானா?" என்று கேட்கும்போது அந்தக் குரலில் உள்ள பயம் இத்தனை வருடத்திலும் எனக்குப் பழகவில்லை. டிஸ்க் என்பது முதுகெலும்புகளுக்கு நடுவே மெத்தை மாதிரி இருக்கும் வட்டு. இன்று அவர்களுக்காகவே பேசுகிறேன்.

எம்.ஆர்.ஐ.யில் எக்ஸ்ரே கதிர் கிடையாது. அதுவும் ஒருவகை வானொலிதான். பண்பலை நிலையங்கள் 88 முதல் 108 மெகாஹெர்ட்ஸுக்குள் ஒலிபரப்புகின்றன, 1.5 டெஸ்லா காந்தபலமுள்ள ஸ்கேனர் கிட்டத்தட்ட 64 மெகாஹெர்ட்ஸில் உடம்போடு பேசுகிறது. வலுவான காந்தத்துக்குள் நாம் படுத்திருக்க, உடம்பின் தண்ணீரிலும் கொழுப்பிலும் உள்ள ஹைட்ரஜன் அணுக்கருக்கள் அந்த அலையை வாங்கித் திருப்பி அனுப்புகின்றன. அதைப் பிடிக்கத்தான் தலையிலோ முழங்காலிலோ காயில் என்ற ஆன்டெனாவை மாட்டுகிறோம்.

இப்படி எடுக்கும் பல படங்களில் தண்ணீர் வெளுப்பாகத் தெரியும். முழங்கால் ஜவ்வு படத்தில் கறுப்பாகத் தெரியும். கிழிந்தால் அங்கே நீர் புகுந்து வெள்ளைக் கோடு விழும். பித்தநாளத்தில் பித்தநீர் வெளுத்து ஒளிரும், கல் கறுப்பாக உட்கார்ந்திருக்கும். பக்கவாதத்தில், ரத்தம் கிடைக்காத மூளைச் செல்கள் வீங்கி, தண்ணீர் நகர இடமில்லாமல் தேங்குகிறது. எக்ஸ்ரே கதிரால் எடுக்கும் சி.டி. ஸ்கேனில் ஒன்றும் தெரியாத முதல் சில மணி நேரத்திலேயே அந்த இடம் பளிச்சென்று தெரிந்துவிடும். ஆனாலும் ரத்தக்கசிவா என்று சட்டென்று பார்க்க, பெரும்பாலும் முதலில் சி.டி.தான் எடுப்போம். நுரையீரலில் காற்றுதான் அதிகம், அங்கேயும் சி.டி.யே மேல்.

சரி, முதுகுக்கு வருவோம். டிஸ்க்கின் நடுவே ஈரமான கூழ் இருக்கிறது. இளம் வயதில் அது படத்தில் வெளுப்பாகத் தெரியும். வயது ஏற ஏற ஈரம் வற்றிக் கறுக்கும், கொஞ்சம் பிதுங்கும். தலை நரைப்பது மாதிரிதான். 1994இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், முதுகுவலியே இல்லாத 98 பேருக்கு எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்தார்கள். பாதிப் பேருக்கு ஒரு டிஸ்க்காவது பிதுங்கியிருந்தது!

ஆகவே பிதுக்கம் எந்த நரம்பை அழுத்துகிறது, உங்கள் கால் மரப்பதும் அதே நரம்பின் பாதையில்தானா என்றுதான் பார்க்க வேண்டும். வலி இடது காலில், பிதுக்கம் வலப்பக்கம் என்றால் அதன்மேல் பழி போட முடியாது. உங்களைத் தொட்டுப் பார்த்த மருத்துவர்தான் இதைச் சேர்த்துப் பார்த்துச் சொல்ல முடியும்.

ஒன்றை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். முதுகுவலியோடு சிறுநீர் பிரியாமல் போனாலோ, உட்காரும் இடம் மரத்துப்போனாலோ, கால் துவண்டாலோ அன்றைக்கே, அந்த நேரத்திலேயே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

அப்புறம், ஸ்கேன் அறைக்குள் நுழையுமுன் தாலிக்கொடியில் கோத்த ஊக்கு, கொண்டை ஊசி, மெட்டி, இடுப்புக் கயிற்றுத் தாயத்து எல்லாவற்றையும் கழற்றிவிடுங்கள். படம் எடுக்காதபோதும் காந்தம் இழுத்துக்கொண்டே இருக்கும். பேஸ்மேக்கர் இருந்தால், மூளையில் கிளிப் போட்டிருந்தால் முன்கூட்டியே சொல்லுங்கள். லேத், வெல்டிங் பட்டறையில் வேலை பார்த்தவர்கள், கண்ணில் எப்போதாவது இரும்புத் துகள் தெறித்திருந்தால் கட்டாயம் சொல்லுங்கள். பழைய ஸ்கேன் இருந்தால் எடுத்து வாருங்கள். வலி எந்தக் காலில், எத்தனை நாளாக என்று சீட்டில் எழுதித் தரும்படி உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள். 'முதுகுவலி' என்ற ஒற்றைச் சொல்லோடு வரும் சீட்டுகள்தான் எங்களைத் திணறவைக்கின்றன.

நன்றி, வணக்கம்.