வேலிப் பொட்டு

அன்பார்ந்த நேயர்களே, வணக்கம்.

எங்கள் ஒழுங்கையில் உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்காகக் காத்திருக்கும் தம்பி ஒருவன் இருக்கிறான். அவனிடம் கேட்டுக்கொண்டுதான் இதைச் சொல்கிறேன். பெற்றோரும் அண்ணனும் கனடாவில்; வீட்டில் அவனும் அம்மம்மாவும் மட்டும். இரவு ஒன்பதரைக்குக் கைத்தொலைபேசி ஒலிக்கும். ரொறன்ரோவில் அப்போது மதியச் சாப்பாட்டு நேரம்.

"சாப்பிட்டாயா?"

"ஓம்."

"காசு வந்ததா?"

"ஓம்."

அவ்வளவுதான். அதன்பிறகு விடியப்புறம் இரண்டு மணிவரை அவன் திரையைத் தள்ளிக்கொண்டு கிடப்பான்.

ஒருநாள் என்னிடம் சொன்னான்: "சேர், வட்ஸ்அப்பில் எனக்கு முந்நூறு பேர் இருக்கிறார்கள். போன மாதம் நான்கு நாள் காய்ச்சலில் படுத்திருந்தேன். ஒருவரும் படலையைத் திறக்கவில்லை."

என் வீடு அங்கிருந்து மூன்று வீடு தள்ளித்தான். எனக்கும் தெரியாமல் போய்விட்டது. அன்று இரவு எனக்கு நித்திரை வரவில்லை.

உலகில் ஆறு பேரில் ஒருவரைத் தனிமை வாட்டுகிறது என்று உலக சுகாதார நிறுவனம் 2025இல் வெளியிட்ட அறிக்கை சொல்கிறது. 13 முதல் 29 வயது வரையானவர்களில் 17 முதல் 21 சதவீதமானோர் தனிமையை உணர்கிறார்களாம்.

எல்லாப் பழியையும் போனின்மேல் போட எனக்கு மனம் வரவில்லை. போரும் புலம்பெயர்வும் பிரித்துப்போட்ட குடும்பங்களுக்கு அது எவ்வளவு பெரிய ஆறுதல்! நாங்கள் எதையெல்லாம் மூடிவிட்டோம் என்று பாருங்கள். முன்பு கிடுகு வேலியில் ஒரு பொட்டு விட்டிருப்பார்கள். அதற்குள்ளால் கறிச்சட்டி போகும், பிள்ளைகள் போவார்கள், வீட்டுச் சண்டையின் சத்தமும் போகும். இன்று ஆளுயர மதிலும் இரும்புக் கேற்றும். சனசமூக நிலையத்தில் ஒரே பத்திரிகையைத் தாள் தாளாகப் பிரித்து வாசித்தோம், ஒருவன் இரண்டு நாள் வராவிட்டால் "எங்கே ஆளைக் காணவில்லை?" என்று தேடிப் போவோம். இன்றைய பிள்ளைக்கு ரியூசன் முடிந்தால் அறைக் கதவுதான்.

தாங்க முடியாத பாரம் மனதில் இருக்கும் பிள்ளைகள் இலங்கைத் தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்துக்கு அழையுங்கள். தயங்க வேண்டாம்.

அந்தத் தம்பி இப்போது பின்னேரம் ஐந்து மணிக்கு எங்கள் விறாந்தைக்கு வருகிறான். தேநீர் குடிப்போம். சில நாள் பேச்சே இருக்காது. நேற்று அவன் வரவில்லை. ஆறு மணிவரை பார்த்தேன். பிறகு செருப்பைப் போட்டுக்கொண்டு போய் அவன் வீட்டுப் படலையைத் திறந்தேன்.