மெர்ட்ஸையும் வாசிப்போம்
(ஏற்காட்டில் கிட்டார் மாணவர்களிடம் பேசியது)

எல்லோருக்கும் வணக்கம். சேலத்திலிருந்து மலையேறி வந்திருக்கும் பெற்றோருக்குத் தனியாக ஒரு நன்றி.

நம் ஊரில் கிட்டார் என்றால் மெல்லிசைக் கச்சேரி, இல்லையென்றால் சர்ச் பாடகர் குழு. இரண்டிலும் கார்ட் (சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டு) பிடித்துப் பாட்டுக்குத் துணை போவதுதான் அதன் வேலை. நைலான் தந்தியில் செவ்வியல் கிட்டார் பழகும் சிலரும் சோர், ஜூலியானி, கார்கஸி, டாரெகா என்ற இசையமைப்பாளர்களோடு நின்றுவிடுகிறார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கிட்டார் கலைஞரும் இசையமைப்பாளருமான யோஹான் காஸ்பர் மெர்ட்ஸ் அந்தப் பட்டியலுக்குள் வருவதே இல்லை. எனக்கு அது பெரிய குறை.

1806-இல் பிரெஸ்பர்க் நகரில் பிறந்தவர். ஸ்லோவாக்கியாவின் தலைநகரான இன்றைய பிராட்டிஸ்லாவா அது. பிறகு வியன்னாவுக்குப் போனார். மனைவி யோசபின் பியானோ கலைஞர். 1846-இல் நரம்பு வலிக்காக மருத்துவர் எழுதிக்கொடுத்த ஸ்ட்ரிக்னின் என்ற நச்சு மருந்தின் அளவு மீறிப் போய், சாகக் கிடந்து பிழைத்தார். படுக்கையில் இருந்த அந்த நீண்ட காலத்தில் மனைவியின் வாசிப்பைக் கேட்டுக்கொண்டே இருந்தார் என்று சொல்வார்கள். அவருடைய இசையில் பியானோவின் சாயல் இருப்பதற்கு அதைத்தான் காரணமாகக் காட்டுகிறார்கள். இவருக்கு முந்திய சோர், ஜூலியானி போன்றவர்கள் மொசார்ட்டின் ஒழுங்கில் எழுதினார்கள் என்றால், இவர் மனம் உணர்ச்சியை முன்னிறுத்திய ஷூபர்ட், ஷூமன் பக்கம் சாய்ந்தது. ஷூபர்ட்டின் ஆறு பாடல்களைக் கிட்டாருக்கு மாற்றியும் எழுதினார்.

மெர்ட்ஸின் ‘எலெஜி’யைக் கேளுங்கள். இரங்கல் இசை. கனத்த கார்டுகள் நிதானமாக விழும் முன்னுரை; அப்புறம் மேலே ஒரு மெட்டு எழும்புகிறது. மெட்டு ஒரு விரலுக்கு, அடியில் ஓடும் ஆர்பெஜியோ (கார்டின் சுரங்களை ஒவ்வொன்றாக மீட்டுவது) மற்ற விரல்களுக்கு. மெட்டின் ஒலி மட்டும் ஒரு பிடி தூக்கலாக நிற்க வேண்டும். ஆலாபனை கேட்டுப் பழகிய காதுக்கு இந்த நிதானம் அந்நியமாகவே இருக்காது. கவனம், இவ்வளவு மெதுவான கார்டில் சுருதி கொஞ்சம் விலகினாலும் அம்பலமாகிவிடும். இங்கே மழைக்காலத்தில் மரம் ஈரம் குடித்துச் சுருதி நகர்ந்துகொண்டே இருக்கும். ஒவ்வொரு முறையும் சரிபார்த்துவிட்டே தொடங்குங்கள்.

வரவேற்பறைப் பொழுதுபோக்கு இசை என்று இவரை ஒதுக்குபவர்கள் உண்டு. ஓப்பரா என்ற இசை நாடகங்களின் மெட்டுகளைத் தொகுத்து எழுதிய ‘ஓப்பர்ன் ரெவ்யூ’வைப் பற்றி அப்படிச் சொன்னால் நான் சண்டைக்கு வரமாட்டேன். அதில் சில இடங்களில் விரல் ஓட்டம்தான் மிச்சம். ஆனால் அதை வைத்து ‘பார்டன்கிளாங்கே’ தொகுப்பையும் தள்ளுவது அநியாயம். ஒன்றிரண்டு பக்கத்துக்குள் ஒரு முழு மனநிலையைச் சொல்லிவிடும் சின்னச் சின்ன உருப்படிகள் அதில் இருக்கின்றன.

1856-இல் ரஷ்யப் பிரபு மகாரோவ் பிரஸ்ஸல்ஸில் கிட்டார் இசையமைப்புப் போட்டி நடத்தினார். மெர்ட்ஸின் ‘கான்செர்டினோ’வுக்கு முதல் பரிசு, பிரெஞ்சுக் கிட்டார் கலைஞர் நெப்போலியன் கோஸ்டுக்கு இரண்டாம் பரிசு. முடிவு வந்தபோது மெர்ட்ஸ் உயிரோடு இல்லை. அந்த அக்டோபரிலேயே போய்விட்டார்.

மாணவர்களே, ‘ஆன் மால்வினா’வில் தொடங்குங்கள். ‘பார்டன்கிளாங்கே’யின் முதல் உருப்படி அது. இசைத்தாள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. கிட்டாரை எடுக்கும் முன் மேல் வரியில் வரும் மெட்டை வாய்விட்டுப் பாடுங்கள். எங்கே மூச்சு வாங்குகிறீர்களோ, அங்கே விரலும் மூச்சு வாங்கட்டும்.